உணவகத்தில் ரோபோ: எந்த வேலை போகிறது, எந்த வேலை மிஞ்சுகிறது?

படிகம் (இழையைத் தொடங்கியவர்)

உணவகங்களில் ரோபோக்கள் பெருகிவருவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே உரையாடல் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறது. சமையல்காரர்களின் பிழைப்பே போய்விடும் என்று ஒரு சாராரும், இவையெல்லாம் கூட்டம் சேர்ப்பதற்கான வேடிக்கை என்று மறுசாராரும் அடித்துச் சொல்கிறார்கள். இரண்டுமே நடப்பைச் சரியாகக் காட்டவில்லை என்பது என் எண்ணம். ஜப்பானின் ஸ்கைலார்க் குழுமம், பூனை முகம் கொண்ட, தட்டு சுமக்கும் ரோபோக்களை 2022 இறுதிக்குள் ஏறத்தாழ 3,000 எண்ணிக்கையில் தன் உணவகங்களில் பணிக்கு இறக்கிவிட்டது. அதை இனி வேடிக்கை என்று ஒதுக்க முடியாது. அதே காலத்தில், பெரும் முதலீட்டோடு தொடங்கிய ரோபோ சமையல் நிறுவனங்கள் சில ஆண்டுகளிலேயே கதவைச் சாத்தியதையும் பார்த்தோம்.

ஆகவே கேள்வியைச் சற்றுக் குறுக்கிக் கேட்கிறேன். சரக்கு வந்து இறங்குவதில் தொடங்கி எச்சில் தட்டு கழுவி அடுக்கப்படுவது வரை ஒரு உணவகத்தில் நடக்கும் வேலைகளில், ரோபோ முழுதாக எடுத்துக்கொள்ளும் வேலை எது? பாதியை எடுத்துக்கொண்டு மீதியை வேறொருவர் தலையில் கட்டும் வேலை எது? தொழிலில் இருப்பவர்கள் பொத்தாம்பொதுவாக அல்லாமல் வேலை வேலையாகப் பிரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கரண்டிக்காரர்

பெரிய சமையலறைகளில் பல்லாண்டுகள் நின்றவன் என்ற முறையில் கூடத்திலிருந்தே தொடங்குகிறேன். சப்ளையரின் வேலையில் கொண்டுபோவது வேறு, பரிமாறுவது வேறு. தட்டு சுமக்கும் ரோபோ முதலாவதை மட்டுமே செய்கிறது. சமையலறை வாசலில் ஒருவர் தட்டுகளை அதன் அடுக்குகளில் ஏற்றி மேசை எண்ணை அழுத்த வேண்டும். அது மேசையருகே போய் நின்று குரல் கொடுக்கும். சாப்பிட வந்தவர்கள் தாமே எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது பக்கத்தில் இருக்கும் சப்ளையர் ஓடிவந்து எடுத்து வைக்க வேண்டும். மடியில் குழந்தையை வைத்திருப்பவரும் கை நடுங்கும் முதியவரும் கீழடுக்கில் உள்ள சூடான கிண்ணத்தைக் குனிந்து எடுக்க முடியாது. எந்தத் தட்டு யாருடையது என்று ஒரு மேசையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் வரை அது அங்கேயே நிற்கும். பின்னால் வரும் இன்னொரு ரோபோ முன்னதைக் கண்டு தானும் நின்றுவிடும். இரண்டையும் சுற்றிக்கொண்டு மனிதர்கள் நடப்பார்கள்.

இதைக் குறை சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை. எச்சில் தட்டுகளைத் திருப்பி எடுத்துவருவதில் அதன் உதவி பெரிது. கிண்ணமும் தட்டும் அடுக்கிய சுமையை ஒரு கையில் தாங்கியபடி நாள் முழுவதும் நடப்பவர்களின் மணிக்கட்டும் தோள்பட்டையும் படும் பாடு வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சப்ளையர் மேசையருகே நின்றபடி துடைத்து, தட்டை ரோபோவில் வைத்து அனுப்பிவிட்டு, அடுத்த மேசைக்கு நகரலாம். என் பார்வையில் கூடத்து ரோபோ சப்ளையரின் வேலையை எடுப்பதில்லை; அவருடைய நடையை எடுக்கிறது. முதலாளி அதைப் பார்த்து ஆள் எண்ணிக்கையைக் குறைத்தால், மிஞ்சிய நடை மிஞ்சிய ஆட்களின் காலில்தான் விழும்.

பொறிவலன்

இயந்திரப் பராமரிப்பில் இருப்பவன் நான். கரண்டிக்காரர் ஐயா சொன்ன அந்த நின்றுபோகும் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. இவ்வகை ரோபோ சுழலும் லேசர் கதிரால் சுற்றிலும் உள்ள தூரத்தை அளந்து, முன்பே பதிந்துவைத்த வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தன் இடத்தைக் கண்டுகொள்கிறது. சிலவற்றுக்குக் கூரையில் ஒட்டிய குறியீடுகளும் துணைசெய்கின்றன. லேசர் கதிர் ஓடுவது தரையிலிருந்து சில விரற்கடை உயரத்தில் ஒரே தளத்தில்தான். மேசையின் கால் அதற்குத் தெரியும். காலைவிட வெளியே நீண்டிருக்கும் மேசைப் பலகை அந்தத் தளத்தில் இல்லை. அதைப் பார்ப்பதற்கென்று ஆழம் அளக்கும் கேமராவை மேலே பொருத்துகிறார்கள். கண்ணாடிச் சுவரில் கதிர் ஊடுருவிப் போய்விடும், பளபளக்கும் கறுப்புப் பரப்பில் பட்டால் திரும்பி வராமலே போகும். வாசற்படியின் சிறு மேடு, நனைந்த தரை, யாரோ வழியில் இழுத்துப்போட்ட நாற்காலி ஆகியவை எல்லாம் ஓட்டத்தைக் கெடுக்கும். ஆகவே ரோபோ வாங்கும் உணவகம் முதலில் மாற்றுவது ஆட்களை அல்ல, மேசைகளுக்கு இடையிலான இடைவெளியை. அந்த இடைவெளிக்காக ஒன்றிரண்டு மேசைகளை எடுக்க நேர்ந்தால் அதையும் செலவில் எழுத வேண்டும்.

சமையலறைக்குள் நிலைமை வேறு. ரோபோ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மனிதக் கையைப் போன்ற உலோகக் கை. 2015-இல் ஜெர்மனியின் ஹானோவர் தொழிற்கண்காட்சியில் மோலி என்ற நிறுவனம் அப்படி இரண்டு கைகளைக் காட்டியது. தேர்ந்த சமையல்காரர் ஒருவரின் கையசைவுகளைப் பதிவுசெய்து அவற்றையே திருப்பிச் செய்யும் ஏற்பாடு அது. பார்க்க வியப்பாக இருந்தது. ஆனால் பாத்திரமும் பொருளும் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தபடி இருந்தாக வேண்டும். தொழிற்சாலையில் ஒரு திருகாணி அடுத்த திருகாணியைப் போலவே இருக்கும். ஒரு தக்காளி அடுத்த தக்காளியைப் போல் இருப்பதில்லை. ஒன்று கனிந்திருக்கும், இன்னொன்று விறைப்பாக இருக்கும், மூன்றாவது பிடித்தவுடனே நசுங்கும்.

இந்தத் தொழிலில் ஓரளவு காலூன்றியவை கையைப் போல் இல்லாத இயந்திரங்கள்தாம். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் 2018-இல் பாஸ்டனில் தொடங்கிய ஸ்பைஸ் என்ற உணவகத்தில் சுழலும் சட்டிகளே சமைத்தன. அதை 2021-இல் ஸ்வீட்கிரீன் என்ற சாலட் உணவக நிறுவனம் வாங்கியது. அந்த வழியில் உருவாக்கிய புதிய அமைப்பை 2023 மே மாதம் இல்லினாய் மாநிலத்தின் நேப்பர்வில் கிளையில் திறந்தது. அதில் கையே கிடையாது. நெடுங்குழாய்களில் நறுக்கிய பொருள்கள் நிரப்பப்பட்டிருக்கும், கீழே நகரும் பட்டையில் கிண்ணம் போகும், ஆர்டருக்கேற்ப ஒவ்வொரு குழாயும் தன் அளவைக் கொட்டும். குழாயை நிரப்புவதும், நறுக்குவதும், கடைசியில் ஒழுங்குபடுத்திக் கொடுப்பதும் மனிதர்கள்.

ஐந்தொகை

உணவகங்களுக்குக் கணக்கு எழுதுபவன் என்ற நிலையிலிருந்து ஒரு கோணம். உணவகத்தின் கூட்டம் நாள் முழுவதும் ஒரே அளவில் வருவதில்லை. மதியத்தில் சிறிது நேரம், இரவில் சிறிது நேரம் என்று குவிந்து வருகிறது. அந்த உச்ச நேரத்துக்குப் போதுமான திறனோடு இயந்திரம் வாங்கினால் மீதி நேரம் அது சும்மா நிற்கும்; சராசரிக்கு வாங்கினால் உச்சத்தில் திணறும். மனிதர்களைப் பொறுத்தவரை உச்ச நேரத்துக்கு மட்டும் பகுதிநேர ஆளை வரவழைக்கலாம், கூட்டம் குறைந்தால் அதே ஆளைப் பாத்திரம் துலக்கவோ கிடங்கைச் சரிபார்க்கவோ அனுப்பலாம். ஒரு வேலைக்கென்றே செய்யப்பட்ட ரோபோவை அப்படி இடம்மாற்ற முடியாது. மாத வாடகைக்கு ரோபோ கொடுக்கும் முறை பரவியதற்கு இதுவே காரணம்: முதலீட்டுச் சுமை விற்பவரிடம் போகிறது, உணவகத்தின் கணக்கில் அது சம்பளத்தைப் போல் மாதச் செலவாக உட்கார்ந்துவிடுகிறது.

முதலீடு எவ்வளவு இருந்தாலும் சமையலின் இயல்பை மீற முடியாது என்பதற்கு ஜூம் (Zume) என்ற கலிபோர்னிய நிறுவனத்தைச் சொல்லலாம். பீட்சாவை ரோபோக்கள் தயாரித்து, வண்டியில் போகும் வழியிலேயே அடுப்பில் வேகவைத்து, வாசலில் சூடாகக் கொடுப்பது அதன் திட்டம். 2018-இல் ஜப்பானிய முதலீட்டு நிறுவனமான சாஃப்ட்பேங்க் மட்டும் 37.5 கோடி டாலர் போட்டது. ஓடும் வண்டியில் உருகிய பாலாடைக்கட்டி ஒரு பக்கமாக வழிந்துவிட்டது. 2020 தொடக்கத்தில் பீட்சாவைக் கைவிட்டு உணவை அடைத்துக் கொடுக்கும் பெட்டிகளின் தயாரிப்புக்குத் தாவினார்கள். 2023-இல் நிறுவனமே மூடப்பட்டது. மாவை அழுத்தும் ரோபோவும் சாறு தடவும் ரோபோவும் தம் வேலையைச் செய்தன. சிக்கல் இருந்தது வண்டியின் குலுக்கலில்.

கரண்டிக்காரர்

ஐந்தொகை அவர்களே, நீங்கள் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். 2018 மார்ச்சில் கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஒரு பர்கர் கடையில் ஃபிளிப்பி என்ற உலோகக் கை வேலைக்கு வந்தது. கல்லில் வேகும் இறைச்சி வட்டைக் கரண்டியால் புரட்டிப்போடுவது அதன் வேலை. செய்தி பரவிக் கூட்டம் குவிந்தது. ஒரே நாளில் அதை நிறுத்திவைத்தார்கள். அது பழுதானதால் அல்ல. அதைச் சுற்றி வேலை செய்த மனிதர்கள் அந்தக் கூட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து வட்டுகளை வைக்கவும், வெந்தவற்றை ரொட்டியில் அடுக்கவும் இன்னும் பழகியிருக்கவில்லை.

சமையலறையில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு இடத்தை வேகப்படுத்தினால் நெரிசல் அடுத்த இடத்துக்குப் போகும். பொரிப்பவர் வேகமானால் பொதி கட்டுபவரிடம் குவியும், பொதி கட்டுபவர் வேகமானால் கல்லாவில் வரிசை நீளும். அதே ஃபிளிப்பி பிறகு கல்லிலிருந்து பொரிப்புத் தொட்டிக்கு மாறியதும், 2020-இலிருந்து ஒயிட் காசில் என்ற அமெரிக்க பர்கர் நிறுவனம் அதைப் பொரிப்பதற்கே சோதித்ததும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பொரிப்பது இயந்திரத்துக்கு ஏற்ற வேலை: கூடை எப்போதும் ஒரே வடிவம், எண்ணெயின் சூடு அளக்கக்கூடியது, நேரம் திட்டமானது, மனிதருக்கோ அது வேகும் மூலை. கல்லில் புரட்டுவதற்குக் கண் வேண்டும்.

வேலையை எந்த இடத்தில் வெட்டிப் பிரிப்பது என்பதில் சிப்போட்லே என்ற அமெரிக்க உணவக நிறுவனம் 2023-இல் காட்டிய ஆட்டோகாடோ இயந்திரம் கவனிக்கத்தக்கது. அவகாடோ பழத்தை இரண்டாக வெட்டி, கொட்டையும் தோலும் நீக்கிச் சதையைக் கிண்ணத்தில் சேர்ப்பதோடு அந்த இயந்திரம் நின்றுவிடுகிறது. மசிப்பதும் கலப்பதும் சுவை பார்ப்பதும் ஆள்தான். விரலை வெட்டிக்கொள்ளும் பகுதியை இயந்திரத்துக்கும், வாயில் வைத்துப் பார்க்கும் பகுதியை மனிதருக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நுண்ணோக்கர்

உணவுத் தூய்மையைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். இதுவரை யாரும் சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசவில்லை. விளம்பரப் படங்களிலும் அது வருவதில்லை. ஒரு கத்தியையும் பலகையையும் கழுவித் துடைத்து வைக்க அதிக நேரமாகாது. ஒரு நறுக்கும் இயந்திரத்தையோ குழாய் வழியே பொருள் கொட்டும் அமைப்பையோ கழுவ வேண்டுமென்றால், அதைப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக ஊறவைத்து, இடுக்குகளைத் துலக்கி, கிருமிநீக்கம் செய்து, உலரவைத்து, மறுபடி சரியாகப் பூட்ட வேண்டும். நான் பார்க்கச் சென்றால் முதலில் கேட்பது இயந்திரத்தை இயக்கிக் காட்டச் சொல்லி அல்ல, பிரித்துக் காட்டச் சொல்லித்தான். பளபளக்கும் முன்பக்கத்தில் எதுவும் இருக்காது. ரப்பர் வளையத்தின் உள்விளிம்பில், இரண்டு தகடுகள் சேரும் கோட்டில், குழாயின் வளைவில் விரல்நகம் பட்டால் பிசுபிசுப்பாக ஒரு படலம் வரும். அந்தப் படலத்துக்குள் நுண்ணுயிர்கள் ஒருமுறை குடியேறிவிட்டால் மேலோட்டமாகக் கழுவிப் போக்க முடியாது.

ஆகவே உணவைத் தொடும் இயந்திரத்தின் தரத்தை அதன் வேகத்தைக் கொண்டல்ல, கருவியின்றி எத்தனை பாகங்களைக் கழற்ற முடிகிறது என்பதைக் கொண்டே நான் மதிப்பேன். உணவு படும் இடங்களுக்கு அருகில் இயங்கும் மூட்டுகளுக்கு இடும் மசகும், தற்செயலாக உணவில் பட்டாலும் தீங்கில்லாத எச்1 வகையாக இருக்க வேண்டும். சாதாரணத் தொழிற்சாலைக் கையை வாங்கிவந்து சமையலறையில் நிறுத்தும் ஆர்வலர்கள் இதைப் பொருட்படுத்துவதே இல்லை.

ஒவ்வாமை இன்னொரு சிக்கல். வேர்க்கடலையோ எள்ளோ போன குழாய்த்தடத்தின் கீழ் ஒவ்வாமை உள்ளவரின் கிண்ணம் போனால், கிண்ணத்தில் அந்தப் பொருள் சேர்க்கப்படவில்லை என்று கணினிப் பதிவு காட்டும். ஆனால் தூள் உதிர்ந்திருக்கலாம். மனிதரிடம் சொன்னால் அவர் கையுறையை மாற்றி, வேறு பலகையை எடுத்து, தனியாகச் செய்து தருவார். இயந்திரத்தில் அதற்கென்று தனித்தடம் இல்லையென்றால் அந்த ஆர்டரை மனிதரிடம் திருப்பிவிடும் வழி இருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் இயந்திரத்தின் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. சமைத்த உணவை ஏறத்தாழ 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடையில் நெடுநேரம் வைக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. மனிதர்கள் நிரப்பும் சூட்டுப் பதிவேட்டில் பல நேரங்களில் ஒரே பேனாவால், ஒரே மூச்சில், ஒரே எண்ணை வரிசையாக எழுதியிருப்பதைக் காண்கிறேன். இயந்திரம் அப்படி எழுதுவதில்லை. எந்தக் கூடை எத்தனை மணிக்கு எத்தனை டிகிரியில் இருந்தது என்பது அதன் நினைவில் இருக்கும். விண்வெளிப் பயணிகளின் உணவுக்காக 1960-களில் பில்ஸ்பரி நிறுவனமும் நாசாவும் சேர்ந்து வகுத்த, உணவில் ஆபத்து நேரக்கூடிய கட்டங்களைக் கண்டறிந்து கண்காணிக்கும் ஹசாப் (HACCP) முறை கேட்பதே இத்தகைய இடைவிடாத பதிவைத்தான்.

படிகம்

நுண்ணோக்கர் அவர்கள் எழுதியது இழையின் போக்கையே மாற்றிவிட்டது, நன்றி. சுவையைப் பற்றி யாராவது சொல்வீர்களா? பழுதான பொருளை மூக்கு கண்டுபிடித்துவிடும். எடை மட்டும் அறிந்த குழாய் என்ன செய்யும்?

பொறிவலன்

இன்றைய உணவக இயந்திரங்களில் பெரும்பாலானவை சுவை பார்ப்பதில்லை. அளவையும் சூட்டையும் நேரத்தையும் கட்டுப்படுத்தினால் சுவை தானாக வரும் என்று நம்புகின்றன. ஆராய்ச்சி வேறு பக்கம் நடக்கிறது. 2022-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு ஒன்று, உப்பின் அளவை மின்கடத்துதிறன் வழியே உணரும் முனை பொருத்திய ரோபோவைக் கொண்டு முட்டையும் தக்காளியும் சேர்ந்த உணவைச் சோதித்தது. அந்த உணவை வெவ்வேறு அளவில் அரைத்து, மெல்லும்போது சுவை மாறுவதைப் போன்ற நிலைகளில் அளந்தார்கள். உப்பு எங்கே தூக்கலாக இருக்கிறது, எங்கே பரவவில்லை என்பதை அதனால் ஒரு வரைபடமாகக் காட்ட முடிந்தது. ஆனால் அது உப்புக்கான உணரி. எண்ணெய் சிக்கடித்துப்போனதை அதனிடம் கேட்க முடியாது.

ஈரக்கை

நான் பாத்திரம் கழுவும் பகுதியில் இருக்கிறேன். இந்த இழையில் சமைப்பதையும் பரிமாறுவதையும் பற்றியே பேச்சு நடக்கிறது. உணவகங்கள் முதன்முதலில் மனமுவந்து வாங்கிய இயந்திரங்களுள் ஒன்று எங்கள் பகுதிக்கு வந்ததுதான். ஜோசஃபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1886-இல் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார், 1893-இன் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது காட்டப்பட்டது; வீடுகளைவிட விடுதிகளும் உணவகங்களுமே முதலில் அதை வாங்கின. அது வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் நாங்கள் இன்னும் இங்கேதான் நிற்கிறோம். காரணம் எளிது. இயந்திரம் கழுவுகிறது, எச்சிலை வழித்துப் போடுவது, ஒட்டியதைச் சுரண்டுவது, கிண்ணம் வேறு கரண்டி வேறு என்று பிரிப்பது, கூடையில் கவிழ்த்து அடுக்குவது, ஆவி பறக்க வருவதை எடுத்து இடம்சேர்ப்பது எல்லாம் கையால்தான். எண்ணெய்ப் பிசுக்கேறிய பெரிய சட்டி அதற்குள் நுழையவே நுழையாது.

ரோபோ செய்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. கல்லில் வட்டு புரட்டுவது யாரும் வேண்டாமென்று ஓடும் வேலை இல்லை. யாரும் நிலைத்து நிற்காத வேலை எங்களுடையது. ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் புலம்புவதும் பெரிதும் இதற்குத்தான். பிறகு ஏன் கண்ணாடிக்குப் பின்னால் வாடிக்கையாளருக்குத் தெரியும் இடத்திலேயே ரோபோவை முதலில் நிறுத்துகிறார்கள்?

ஐந்தொகை

ஈரக்கை அவர்களின் கேள்விக்கு நேரான பதில்: தெரியும் இடத்தில் நிற்கும் ரோபோ கூட்டத்தையும் முதலீட்டையும் இழுக்கும், பின்கட்டில் நிற்கும் ரோபோ இரண்டையும் இழுக்காது. இது நல்ல பதில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மறைவில் நின்ற இயந்திரங்களோ அமைதியாக வேரூன்றிவிட்டன. ஜப்பானில் சுஷிக்குச் சோற்றுருண்டை பிடிக்கும் இயந்திரத்தை சுசுமோ நிறுவனம் 1981-இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1958-இல், ஒசாகா பகுதியில் யோஷியாகி ஷிராயிஷி என்பவர் நகரும் பட்டையில் தட்டுகளைச் சுற்றவிடும் கடையைத் தொடங்கியிருந்தார். பட்டையும் உருண்டை பிடிக்கும் இயந்திரமும் சேர்ந்து அந்த உணவை எளியவர்கள் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தன. யாரும் அதை ரோபோ உணவகம் என்று கூவி விற்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் 1902-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஹார்ன் அண்ட் ஹார்டார்ட் திறந்த ஆட்டோமேட் இருக்கிறது. காசு போட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்து உணவை எடுத்துக்கொள்ளலாம், சப்ளையரே கிடையாது. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் ஆட்கள் நின்று, காலியான ஒவ்வொரு பெட்டியையும் உடனுக்குடன் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நியூயார்க்கில் அதன் கடைசிக் கிளை மூடப்பட்டது 1991-இல். சுவருக்கு இப்பால் இருந்தவர்களுக்கு அது இயந்திரம், அப்பால் இருந்தவர்களுக்கு அது இடுப்பொடிக்கும் வேலை.

சாளரம்

எல்லோரும் ரோபோவையும் மனிதரையும் எதிரெதிராக நிறுத்துவதால் வேறொரு ஏற்பாட்டை நினைவூட்ட விரும்புகிறேன். தோக்கியோவின் நிஹோன்பாஷியில் 2021 ஜூன் மாதம் நிரந்தரமாகத் திறக்கப்பட்ட டான் என்ற காப்பிக் கடையில் ரோபோக்கள்தாம் ஆர்டர் எடுக்கின்றன, கோப்பையைக் கொண்டுவந்து கொடுக்கின்றன. ஆனால் அவை தாமாக இயங்குபவை அல்ல. தசைச் சிதைவு நோயாலோ முதுகுத்தண்டுக் காயத்தாலோ வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்கள், தம் படுக்கையில் இருந்தபடியே அவற்றை இயக்குகிறார்கள். ஒரி லேப் என்ற நிறுவனம் செய்த ஒரிஹிமே ரோபோக்கள் அவை. தட்டு சுமக்கும் வகை சுமார் 120 செ.மீ. உயரம். கண்ணசைவால் மட்டும் இயக்குபவர்களும் உண்டு. அவர்கள் வாடிக்கையாளரோடு பேசுகிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள்.

நானும் நெடுநாளாகச் சக்கர நாற்காலியில் இருப்பவள் என்பதால் இதை உருக்கமான கதையாகச் சொல்ல விரும்பவில்லை. பலருக்கும் அப்படிச் சொல்லத்தான் தோன்றுகிறது. அங்கே ரோபோ ஓர் ஆளின் இடத்தைப் பிடிக்கவில்லை, வர முடியாத ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கரண்டிக்காரர் ஐயா சொன்ன நடைதான் அங்கும் இயந்திரத்துக்குப் போயிருக்கிறது. பேச்சு மனிதரிடம் இருக்கிறது.

கரண்டிக்காரர்

சாளரம் அம்மா, நீங்கள் சொன்ன ஏற்பாட்டில் அந்த ஆளுக்குச் சம்பளம் போகிறது என்பதைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். அதே நுட்பத்தை வைத்து, எங்கோ ஒரு மூலையில் மலிவான கூலிக்கு ஒருவரை உட்காரவைத்து, ஒரே நேரத்தில் பத்துக் கடைகளின் ரோபோக்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் முடியும்.

எனக்கு வேறொரு கவலையும் உண்டு. சமையலறைக்குப் புதிதாக வரும் பையனோ பெண்ணோ முதலில் செய்வது வெங்காயம் உரிப்பதும் காய் நறுக்குவதும்தான். மூட்டை மூட்டையாக நறுக்கும்போதுதான் எது முற்றல், எது பிஞ்சு, எதில் நீர் அதிகம் என்று கைக்குத் தெரியவருகிறது. அந்தப் படியை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் நாளைய தலைமைச் சமையல்காரர் எந்தப் படியில் ஏறி வருவார்?

ஈரக்கை

ஐயா, மன்னிக்க வேண்டும். இதை நான் ஏற்கவில்லை. மூட்டை மூட்டையாக நறுக்கியவர்களில் எத்தனை பேர் தலைமைச் சமையல்காரர் ஆனார்கள்? ஏறிப் போனவர்களே பிற்பாடு படியைப் புகழ்கிறார்கள். எங்களில் பெரும்பாலோர் அதே படியில் நின்றபடி முதுகுவலியோடு வயதாகிறோம். கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கும் சமையல்காரர் ஒரு மூட்டைக்குப் பதில் ஒரு கூடையை வைத்தே கற்றுக்கொடுக்கலாம்.

நுண்ணோக்கர்

கற்பது பற்றிய வாதத்தில் நான் ஈரக்கை அவர்கள் பக்கம். ஆனால் கரண்டிக்காரரின் கவலையில் ஒரு கூறு என் துறையையும் தொடுகிறது. நறுக்குபவர்தான் பொருளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்ப்பவர். அழுகலும் புழுவும் அங்கேதான் பிடிபடுகின்றன. நறுக்கும் இயந்திரம் வைத்தால், அதற்கு முன் பொருளைப் பரப்பிப் பார்க்கும் மேசை ஒன்றும் அங்கே நிற்க ஓர் ஆளும் கட்டாயம் வேண்டும்.

படிகம்

பாதுகாப்பைப் பற்றி ஒரு கேள்வி. மனிதர் தொட்டால் நின்றுவிடும் ரோபோக் கைகள் வந்துவிட்டதால், வேலியில்லாமலே பக்கத்தில் நின்று வேலை செய்யலாம் என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். சமையலறைக்கு அது பொருந்துமா?

பொறிவலன்

பாதிதான் பொருந்தும். மனிதரோடு சேர்ந்து இயங்கும் ரோபோக்களுக்கான வரையறைகளை பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற ஆவணம் 2016-இல் வகுத்தது. உடலின் எந்தப் பகுதியில் எவ்வளவு அழுத்தம் வரை தாங்கலாம் என்ற அட்டவணை அதில் உண்டு. தொழிலக ரோபோக்களின் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218 தரநிலை 2025-இல் திருத்தப்பட்டபோது, இந்த ஆவணத்தின் உள்ளடக்கம் அந்தத் தரநிலையோடு சேர்க்கப்பட்டது. இவற்றின் அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: கை மட்டும் பாதுகாப்பாக இருந்தால் போதாது, அது பிடித்திருக்கும் கருவி, சுமக்கும் பொருள், நிற்கும் இடம் எல்லாவற்றையும் சேர்த்தே ஆபத்தை மதிப்பிட வேண்டும். மெல்ல மோதி நின்றுவிடும் கையில் 180 டிகிரி எண்ணெய் சொட்டும் கூடை இருந்தால் அந்த மென்மையால் என்ன பயன்? திடீரென்று நின்றதாலேயே எண்ணெய் தெறிக்கலாம். அதனால்தான் பொரிப்புத் தொட்டி ரோபோக்களைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்போ, ஆள் நுழைந்தால் வேகம் குறைக்கும் உணரியோ வைக்கிறார்கள். அந்தத் தடுப்பைக் கூட்ட நேரத்தில் வசதிக்காகத் திறந்துவைப்பதைப் பார்த்திருக்கிறேன். விபத்துக்கான வழி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஐந்தொகை

வாங்குபவர்கள் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். இயந்திரம் இணையம் இல்லாமல் இயங்குமா, உதிரிபாகம் எத்தனை நாளில் வரும், மென்பொருள் கட்டணம் நின்றால் இயந்திரமும் நின்றுவிடுமா, விற்ற நிறுவனமே மூடப்பட்டால் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பவை முக்கியம். இத்துறையில் நிறுவனங்கள் எவ்வளவு விரைவில் மறைகின்றன என்பதை மேலே பார்த்தோம். உணவகம் பத்தாண்டு ஓட வேண்டியது. அதன் நடுவில் நிற்கும் இயந்திரத்தின் ஆயுளை வேறொருவரின் முதலீட்டாளர்கள் முடிவுசெய்வது நல்லதல்ல.

கரண்டிக்காரர்

அதோடு ஒன்று: ரோபோ வைத்தபின் பழைய பொரிப்புத் தொட்டியைக் கழற்றி விற்றுவிடாதீர்கள். இடம் அடைக்கிறது என்று அதைத்தான் முதலில் எடுப்பார்கள். மதியக் கூட்டத்தின் நடுவில் ரோபோ சிவப்பு விளக்கைக் காட்டி நின்றால், சரிசெய்பவர் வந்துசேரும்வரை கையால் பொரிக்க ஒரு தொட்டியும், அதில் பொரித்துப் பழக்கம் விட்டுப்போகாத ஓர் ஆளும் வேண்டும்.

ஐந்தொகை

அந்த இடத்துக்கும் அந்த ஆளுக்கும் ஆகும் செலவைச் சேர்த்தால், ரோபோ மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்படும் தொகையில் ஒரு பெரும் பங்கு கரைந்துவிடும்.

கரண்டிக்காரர்

சேர்த்துத்தான் பாருங்கள். அதன் பிறகும் கணக்கு நிற்கிறதென்றால் தாராளமாக வாங்கலாம். பொரிப்புத் தொட்டிமுன் நின்று கைமுழுதும் சூட்டுத் தழும்பு வாங்கியவன் என்ற முறையில் நானே கையெழுத்துப் போடுவேன்.